கம்பியையும் படித்து ஒப்பமிடுங்கள்: சீரியல் டிரைவர் மதிப்பாய்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்



லினக்ஸ் கெர்னலின் சீரியல் டிரைவர் ஒன்றுக்கு யாரேனும் ஒரு மாற்றத்தை முன்மொழிந்து, அதை நீங்கள் படித்து ஏற்று, மாற்றக் குறிப்பின் அடியில் உங்கள் பெயரைச் சேர்க்கும்போது, எதைப் படித்தீர்கள், எதைப் படிக்க இயலவில்லை என்பதையும் அதே வரியில் எழுதிவைக்க வேண்டும் என்று கேட்பதற்காகவே இம்மடல் எழுதப்படுகிறது. யூஆர்ட் எனப்படும் சில்லு தரவை ஒரு கம்பியின் வழியே பிட் பிட்டாக அனுப்பவும் பெறவும் செய்வது. அதை இயக்கும் நிரலே சீரியல் டிரைவர். அந்த நிரல் சரியா பிழையா என்பது கடைசியில் முடிவாவது கம்பியில்தான். ஆனால் உங்கள் ஒப்பம் நிரலைப் பற்றி மட்டுமே பேசுகிறது. கம்பியைப் பார்த்தீர்களா, சில்லின் ஆவணத்தைப் பார்த்தீர்களா என்பதை அது சொல்வதில்லை. பார்க்கவில்லை என்பதையும் அது சொல்வதில்லை என்பதே உங்கள் முன் வைக்கப்படும் முறையீடு.

நீங்கள் கவனக்குறைவானவர்கள் என்று எவரும் சொல்ல முடியாது. ஸ்பின்லாக் என்பது ஒரே தரவை இரண்டு செயலிகள் ஒரே நேரத்தில் தொடாமல் காக்கும் பூட்டு. அது ஒரு பாதையில் எடுக்கப்பட்டு மறு பாதையில் விடப்படாமல் போனால் உங்கள் கண் உடனே பிடித்துவிடுகிறது. விடுவிக்க மறந்த நினைவகம், தவறான பிழைக்குறி, டிரைவர் நீக்கப்பட்ட பின்னும் ஓடிக்கொண்டிருக்கும் நேரங்காட்டி ஆகியவையும் உங்களால்தான் வெளியே நிறுத்தப்படுகின்றன. அந்தக் கவனம் எங்கே குவிகிறது என்பதே கேள்வி. புதிதாக வரும் ஒருவரின் மாற்றம் இரண்டாம் பதிப்பு, மூன்றாம் பதிப்பு, நான்காம் பதிப்பு என்று திரும்பத் திரும்ப வரும்போது அவருக்குச் சொல்லப்பட்ட குறைகளை ஒருமுறை வரிசையாகப் படித்துப் பாருங்கள்: மாறிகளை அறிவிக்கும் வரிசை, வரியின் நீளம், குறிப்பின் தலைப்பு, ஒன்றை இரண்டாகப் பிரிக்கச் சொல்லும் அறிவுரை. இவை தேவையற்றவை அல்ல. ஆயிரக்கணக்கானோர் கைவைக்கும் நிரலுக்கு ஒரே நடை வேண்டும். ஆனால் அத்தனை சுற்றுகளிலும், 'இது எந்தச் சில்லில், எந்த வேகத்தில், எத்தகைய கம்பியில் ஓடியது?' என்ற கேள்வி ஒருமுறைகூட எழாமல் மாற்றம் உள்ளே போய்விடுவதும் உண்டு.

அந்தக் கேள்வி எழாததால் என்ன கெடுகிறது என்பதை ஆர்.எஸ்.-485 தெளிவாகக் காட்டும். ஒரே இணைக்கம்பியில் பல கருவிகளைக் கோத்து இணைக்க உதவும் மின்தரம் அது. மின் அளவிகளும் பம்புக் கட்டுப்பாட்டுக் கருவிகளும் ஆலை இயந்திரங்களும், 1979இல் மோடிகான் நிறுவனம் வெளியிட்ட மோட்பஸ் நெறியில், அதன்மீது இன்றும் பேசிக்கொள்கின்றன. இரு கம்பி அமைப்பில் ஒரு நேரத்தில் ஒருவரே பேச முடியும். ஆகவே கணினி தன் வினாவை அனுப்பும் நேரத்தில் தன் அனுப்பியை இயக்கி, கடைசி பிட் வெளியேறியதும் அணைத்து, கம்பியை மறுமுனைக்கு விட்டுவிட வேண்டும். பல பலகைகளில் இதைச் செய்வது ஆர்.டி.எஸ். என்னும் கட்டுப்பாட்டுக் கம்பி. அதை உயர்த்துவதும் தாழ்த்துவதும் டிரைவரின் பொறுப்பாகிறது. உயர்த்துவதில் சிக்கல் குறைவு. எப்போது தாழ்த்துவது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

1981இல் வெளிவந்த ஐ.பி.எம். பி.சி.யில் இருந்த 8250 சில்லின் வழிவந்த யூஆர்ட்டுகளில், அனுப்ப வேண்டிய பைட் இரண்டு படிகளைக் கடக்கிறது. முதலில் அது காத்திருப்பு ரெஜிஸ்டரில், 16550ஏ போன்றவற்றிலானால் 16 பைட் கொள்ளும் ஃபிஃபோ என்னும் வரிசையில், அமர்கிறது. பின்னர் நகர்த்து ரெஜிஸ்டருக்குப் போய் அங்கிருந்து பிட் பிட்டாகக் கம்பியில் இறங்குகிறது. லைன் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டர் என்னும் நிலைப்பதிவில் இவற்றுக்குத் தனித்தனிக் குறிகள் உண்டு: காத்திருப்பிடம் காலி என்பதை 5ஆம் பிட் சொல்கிறது, நகர்த்து ரெஜிஸ்டரும் சேர்ந்து காலி என்பதை 6ஆம் பிட் சொல்கிறது. முதலாவதற்கு இன்டரப்ட் உண்டு, அதாவது சில்லே செயலியைத் தட்டிக் கூப்பிடும். இரண்டாவதற்கு மூலச் சில்லில் அந்த வசதி இல்லை. எனவே இன்டரப்ட் வந்ததுமே ஆர்.டி.எஸ்.ஐத் தாழ்த்தும் டிரைவர், கடைசி பைட் இன்னும் கம்பியில் போய்க்கொண்டிருக்கும்போதே அனுப்பியை அணைத்துவிடுகிறது. 9600 பாட் வேகத்தில், 10 பிட் கொண்ட ஓர் எழுத்துக்கு ஏறத்தாழ 1.04 மில்லிவினாடி ஆகும். வெட்டுப்படுவது அந்த ஒரு மில்லிவினாடிக்குள்தான். மோட்பஸின் ஆர்.டி.யூ. வடிவச் செய்தியின் கடைசி இரண்டு பைட்டுகள் சி.ஆர்.சி. என்னும் சரிபார்ப்பு எண் என்பதால், வெட்டுப்பட்ட செய்தியைப் பெற்ற மறுமுனைக் கருவி அதைப் பிழையென்று தள்ளிவிட்டு, நெறி சொல்கிறபடி எந்த விடையும் தராமல் இருந்துவிடுகிறது. கணினிப் பக்கத்தில் தெரிவது, குறித்த நேரத்தில் விடை வரவில்லை என்ற ஒரு வரி மட்டுமே. ஏன் வரவில்லை என்பதற்கு அங்கே தடயமே இருப்பதில்லை.

இனி, இக்குறையைத் தவிர்க்க எண்ணிய ஒருவர், 6ஆம் பிட் உயரும்வரை இன்டரப்டைக் கையாளும் பகுதிக்குள்ளேயே சுழன்று காத்திருக்குமாறு டிரைவரை எழுதியிருக்கிறார் என்று கொள்ளுங்கள். உங்களில் ஒருவர் அதைக் கண்டு, இன்டரப்டுக்குள் ஒரு மில்லிவினாடி சுழல்வது தகாது, நீக்குங்கள் என்கிறார். அந்த விதி சரியானதே. அதை மீறினால் அந்தச் செயலியில் வேறெந்த வேலையும் அவ்வளவு நேரம் நடவாது. எழுதியவர் பணிந்து காத்திருப்பை நீக்குகிறார், நிரல் சுருங்குகிறது, படிக்க எளிதாகிறது, ஒப்பமும் கிடைக்கிறது. கம்பியில் கடைசி பைட் தொலைந்துபோகிறது. இங்கே தேவைப்பட்டது வெறும் நீக்கம் அன்று. ஓர் எழுத்துக்குரிய காலத்தைப் பாட் வேகத்திலிருந்து கணக்கிட்டு, கெர்னல் எச்ஆர்டைமர் என்று வழங்கும் நுண்நேரங்காட்டியை அவ்வளவு நேரத்துக்கு ஓடவிட்டு, அது எழுப்பியதும் 6ஆம் பிட்டைப் பார்த்துப் பின்பு அனுப்பியை அணைப்பதே வழி. அவ்வழியைச் சொல்வதற்குப் பொது விதியை அறிந்திருப்பது மட்டும் போதாது. அந்தக் காத்திருப்பு எதற்காக அங்கே இருந்தது என்று நீங்கள் முதலில் கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால், கெர்னலின் சாதாரண நேரங்காட்டி இதற்கு உதவாது என்பதும் அப்போதே வெளிப்பட்டிருக்கும்: கடிகாரத் துடிப்பு வினாடிக்கு 100 என்று அமைக்கப்பட்ட கருவியில் ஒரு துடிப்பே 10 மில்லிவினாடி, இரண்டு செய்திகளுக்கு இடையே மோட்பஸ் கேட்கும் 3.5 எழுத்தளவு அமைதியோ, 9600 பாட்டில் 11 பிட் எழுத்துக் கணக்கின்படி, ஏறத்தாழ 4 மில்லிவினாடிதான். மறுமுனை விடை சொல்லத் தொடங்கிய பிறகும் கணினி கம்பியை விடாமல் இருந்தால், விடையின் முதல் பைட்டுகள் சிதைந்துவிடும். முந்தி விட்டால் வினா கெடுகிறது, பிந்தி விட்டால் விடை கெடுகிறது. இரண்டுக்கும் நடுவிலுள்ள சில மில்லிவினாடிகள் உங்கள் முன் வரும் மாற்றத்தின் எந்த வரியிலும் எழுதப்பட்டிருப்பதில்லை.

'சோதித்தாயிற்று, ஓடுகிறது' என்று எழுதியவர் சொன்னால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். போதாது, அதற்குரிய காரணமும் காலக்கணக்கில்தான் இருக்கிறது. 115200 பாட் வேகத்தில் ஓர் எழுத்துக்கு ஏறத்தாழ 87 மைக்ரோவினாடியே ஆகிறது; இன்டரப்ட் எழுந்து, செயலி அதைக் கவனித்து, டிரைவர் ஆர்.டி.எஸ்.ஐத் தாழ்த்துவதற்குள் அந்தக் கடைசி எழுத்து தானாகவே வெளியேறியிருக்கக்கூடும். ஆகவே பிழையுள்ள டிரைவர் மேசைமீது, வேகமான இணைப்பில், குற்றமின்றி ஓடக்கூடும். அதே டிரைவர் 9600 பாட்டிலோ 1200 பாட்டிலோ பேசும் பழைய அளவியிடம் போனதும் தோற்றுப்போகும். வேகம் குறைந்தால் வேலை எளிதாகும் என்ற பொதுவான எண்ணம் இங்கே தலைகீழாகிவிடுகிறது. வேகத்தைச் சொல்லாத சோதனைக் குறிப்பு, ஆராயப்படாத ஒன்றை ஆராயப்பட்டது போலக் காட்டி, அடுத்து வருபவரின் ஐயத்தையும் அடக்கிவிடுகிறது.

காலத்தைப் போலவே, படித்தல் என்னும் செயலும் உங்களை ஏமாற்றக்கூடியது. சி மொழியில் ஒரு மாறியைப் படிப்பதால் அதன் மதிப்பு மாறாது. சில்லின் ரெஜிஸ்டர்கள் அப்படிப்பட்டவை அல்ல. மேலே சொன்ன நிலைப்பதிவில், பெறும் பக்கத்தின் பிழைகளுக்கான குறிகளும் அடங்கியிருக்கின்றன: எடுக்குமுன் அடுத்த எழுத்து வந்து மேலேறிய ஓவர்ரன், சமநிலை பிட் பொருந்தாத பாரிட்டிப் பிழை, எழுத்தின் முடிவு தவறிய ஃபிரேமிங் பிழை, கம்பி வழக்கத்துக்கு மீறித் தாழ்ந்தே கிடந்ததைச் சொல்லும் பிரேக். அந்த ரெஜிஸ்டரை ஒருமுறை படித்தால் இக்குறிகள் அழிந்துவிடுகின்றன. ஆகவே 6ஆம் பிட்டை அறிவதற்காக அனுப்பும் பாதையில் புதிதாகச் சேர்க்கப்பட்ட ஒரே ஒரு படிப்பு, பெறும் பாதை காணவேண்டிய பிழையை அதற்குத் தெரியாமலே துடைத்துவிட முடியும். லினக்ஸின் 8250 டிரைவர் இதற்காகவே, படித்த குறிகளைத் தனியே சேமித்துவைத்துப் பின்னர் பெறும் பாதையிடம் ஒப்படைக்கிறது. அந்த ஏற்பாட்டைச் சுற்றிக்கொண்டு ரெஜிஸ்டரை நேராகப் படிக்கும் மாற்றம் உங்கள் முன் வரும்போது, அது ஒற்றை வரியாக, தீங்கற்றதாக, பூட்டுக்குள் ஒழுங்காக அமைந்ததாகவே தோன்றும். பூட்டுகளை மட்டும் எண்ணிப் பார்ப்பவர் அதில் குற்றம் காண முடியாது.

'8250க்கு ஒத்தது' என்ற சொல்லாட்சியை நீங்கள் எத்தனையோ மாற்றக் குறிப்புகளில் பார்த்திருப்பீர்கள். அதை அப்படியே நம்பி ஒப்பமிடக் கூடாது என்பதற்கு உங்கள் டிரைவர்களே சான்று. முதலில் வந்த 16550இன் ஃபிஃபோ பழுதுடையது என்பதால், 16550ஏவுக்கு 16 பைட் என்று குறிக்கும் கெர்னலின் அட்டவணை, 16550க்கு ஒரு பைட் என்றே குறிக்கிறது. இன்றைய பல ஒருங்கிணைந்த சில்லுகளில் உள்ள சினாப்சிஸ் நிறுவனத்தின் டிசைன்வேர் யூஆர்ட், தரவு போய்க்கொண்டிருக்கும்போது லைன் கன்ட்ரோல் ரெஜிஸ்டரில் எழுதப்படுவதை ஏற்காமல், வேலையாக இருப்பதாக ஓர் இன்டரப்டை எழுப்பிவிடுகிறது. அதனால் அதன் டிரைவர், எழுதியது பதிந்ததா என்று பார்த்து, பதியாவிட்டால் மீண்டும் எழுத வேண்டியிருக்கிறது. ஆர்ம் நிறுவனத்தின் பிஎல்011 இன்னும் வேறுபட்டது. 8250இல் காத்திருப்பிடம் காலியாக இருக்கும்போது அனுப்பும் இன்டரப்டை அனுமதித்தாலே அது எழுந்துவிடும். பிஎல்011இலோ ஃபிஃபோவின் நிறைவு குறிப்பிட்ட அளவைத் தாண்டிக் கீழே இறங்கும்போதுதான் எழும், ஆகவே டிரைவர் முதலில் தானே சில எழுத்துகளை இட்டுத் தொடங்கிவைக்க வேண்டும். 8250இல் பழகியவருக்கு அந்தத் தொடக்க வரிகள் வேண்டாத சுமையாகவே படும். அவற்றை நீக்கி, நிரலைத் தூய்மைப்படுத்தியதாக எவரேனும் அனுப்பினால், நடையையும் பூட்டுகளையும் மட்டும் பார்ப்பவர் அதைப் பாராட்டவே செய்வார். சில்லின் ஆவணத்தைத் திறந்தவர் மட்டுமே தடுப்பார்.

நிரலை மட்டும் படிக்கும் வேலையே எளிதன்று என்பதையும் உங்கள் பக்கம் நின்று சொல்ல வேண்டும். சீரியல் டிரைவர்களுக்கு மேலுள்ள டிடிஒய் அடுக்கில், முனையத்துக்கும் நிரலுக்கும் இடையே தரவை ஏந்திச் செல்லும் அந்த அடுக்கில், 2009இல் நுழைந்த ஒரு பூட்டுப் பிழை 2014இல்தான் பாதுகாப்புக் குறையாக வெளிப்பட்டது. 2009இலேயே நுழைந்த இன்னொன்று 2017வரை கிடந்தது. பலர் படிக்கும் இடத்திலேயே, எழுத்தில் தெரியும் பிழைக்கே இத்தனை ஆண்டுகள் ஆயின என்றால், எழுத்தில் தெரியாமல் கம்பியில் மட்டும் தெரியும் பிழை எவ்வளவு காலம் கிடக்கும் என்பதை நீங்களே கருதிப் பாருங்கள்.

உங்கள் மறுமொழி என்னவாக இருக்கும் என்பதும் ஊகிக்கக்கூடியதே. ஒவ்வொரு சில்லும் உங்கள் மேசையில் இருக்க முடியாது. சில ஆவணங்கள் நிறுவனங்களின் உள்ளேயே பூட்டிக்கிடக்கின்றன. உங்களில் பலர் இவ்வேலையை ஊதியமின்றியோ ஊதிய வேலைக்கு இடையிலோ செய்கிறீர்கள். இவை அத்தனையும் உண்மை. எல்லாச் சில்லுகளையும் வாங்கிச் சோதியுங்கள் என்று இம்மடல் கேட்கவில்லை. சோதிக்காததையும் பார்க்காததையும் மறைவில் விடாதீர்கள் என்று மட்டுமே கேட்கிறது. கெர்னலின் செயல்முறை ஆவணம், மதிப்பாய்வு ஒப்பமான ரிவ்யூட்-பை என்னும் குறியைப் பற்றிப் பேசுமிடத்தில், ஒப்பமிடுபவர் மாற்றம் செம்மையானது என்று கருதினாலும், வேறிடத்தில் வெளிப்படையாகச் சொன்னாலன்றி, அது எல்லாச் சூழல்களிலும் சரியாக இயங்கும் என்று உறுதி தருவதில்லை என்கிறது. சோதனை ஒப்பமான டெஸ்டட்-பையைப் பற்றிச் சொல்லும்போதும், ஏதோ ஒரு சூழலில் வெற்றியுடன் சோதிக்கப்பட்டது என்பதற்கு மேல் அது எதையும் கேட்பதில்லை. இவை நேர்மையான வரையறைகள். ஆனால் அவற்றை அறிந்தவர் நீங்கள் மட்டுமே. உங்கள் பெயரைப் பார்த்துவிட்டு, இனி ஆராய வேண்டியதில்லை என்று முடிவு செய்யும் பராமரிப்பாளரும், பழைய கெர்னல் பதிப்புக்கு அதைப் பெயர்த்தெடுக்கும் பொறியாளரும் அந்த வரையறையை நினைவில் கொண்டு படிப்பதில்லை. வெளிப்படையாகச் சொல்வதற்கு ஆவணமே இடம் விட்டிருக்கும்போது, அந்த இடத்தை நீங்கள் ஏன் வெறுமையாக விடுகிறீர்கள்?

அந்த வெறுமையின் சுமையைத் தாங்குவோர் உங்களுக்கு எழுதத் தெரியாதவர்கள் என்பதே இதில் மிகவும் வருத்தத்துக்குரியது. அவ்வப்போது விடை தராத அளவியின் முன் நிற்கும் மின்பணியாளர் கெர்னலைச் சந்தேகிப்பதில்லை. அவர் கம்பியை மாற்றுகிறார், முனைத்தடையைக் கூட்டிக் குறைத்துப் பார்க்கிறார், கூடிய வேகம் வேண்டாம் என்று வேகத்தைக் குறைக்கிறார். மேலே கண்டபடி, குறைக்கக் குறைக்கப் பிழை பெருகுகிறது. பின்பு அளவியையே பழுதென்று மாற்றிவிடுகிறார். அந்தக் கருவிக்குள் ஓடுவது பல ஆண்டுகள் மாற்றப்படாத கெர்னல் என்பதால், நீங்கள் ஒரு பிற்பகலில் ஏற்ற மாற்றம் அங்கே நெடுங்காலம் குடியிருக்கிறது.

மாற்றம் எழுதுவோரையும் எண்ணிப் பாருங்கள். அவர்களிடம் பலகையும் கம்பியும் இருக்கின்றன, உங்களிடம் இருப்பது அனுபவம். இரண்டும் சந்திக்கும் இடம் மதிப்பாய்வுதான். 2009 ஜூலையில், டிடிஒய் அடுக்கின் மாற்றமொன்றால் பயன்பாட்டு நிரல்கள் சில தடுமாறியது பற்றி லினஸ் டோர்வால்ட்ஸுடன் எழுந்த வாக்குவாதத்துக்குப் பின், அந்த அடுக்கை நன்கறிந்த ஆலன் காக்ஸ் அதன் பராமரிப்புப் பொறுப்பை விட்டு விலகினார். 2018இல் கெர்னல் சமூகம் நடத்தை விதிகளை ஏற்றுக்கொண்ட பிறகு பேச்சின் கடுமை தணிந்திருக்கலாம்; கேள்வியின் தரம் அதனால் தானாக உயர்ந்துவிடவில்லை. வரி நீளத்தைப் பற்றி ஐந்து முறை மென்மையாகக் கேட்கப்பட்டவர், தான் அளந்த ஒன்றைப் பற்றி ஒருமுறைகூடக் கேட்கப்படாமல் திரும்பினால், அடுத்த முறை அளக்கவே மாட்டார்.

ஆகவே உங்களிடம் வைக்கப்படும் வேண்டுகோள் சிறியது, இன்றே செய்யக்கூடியது, புதிய குறியீடு எதுவும் தேவைப்படாதது. ஒப்பக்குறிக்கும் பெயருக்கும் பின்னால் '#' இட்டு ஒரு சிறு விளக்கம் சேர்க்கும் வழக்கம் கெர்னலில் ஏற்கெனவே இருக்கிறது; சீரியல் டிரைவர்களைப் பொறுத்தவரை அதை விலக்காக அல்லாமல் முறையாகக் கொள்ளுங்கள். 'நிரலும் பூட்டுகளும் படிக்கப்பட்டன; சில்லின் ஆவணம் பார்க்கப்படவில்லை' என்று நீங்கள் எழுதினால், அது உங்கள் ஒப்பத்தைத் தாழ்த்தாது; ஆவணத்தை வைத்திருக்கும் வேறொருவரை அது அழைக்கும். சோதித்தவர் ஒப்பமிடும்போது சில்லின் பெயர், குறைந்த வேகமும் கூடிய வேகமும், இணைப்பின் வகை ஆகிய மூன்றையும் கேட்டுப் பெறுங்கள். அனுப்பி அணையும் நேரத்தையோ ரெஜிஸ்டர் படிக்கப்படும் வரிசையையோ தொடும் மாற்றமானால், லாஜிக் அனலைசர் எனப்படும் அலையளவுக் கருவியில் ஆர்.டி.எஸ். எப்போது வீழ்ந்தது, கடைசி பிட் எப்போது முடிந்தது என்ற இரண்டு எண்கள் மாற்றக் குறிப்பில் இல்லாமல் ஏற்காதீர்கள். கருவி இல்லாதவர் இல்லையென்று எழுதட்டும், அதை வேறொருவர் அளக்கும்வரை மாற்றம் காத்திருக்கட்டும். ஆர்.எஸ்.-485 தொடர்பாக அடுத்து உங்கள் முன் வரும் மாற்றத்திலிருந்தே இதைத் தொடங்குங்கள். குறிப்பின் நடையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், மிகக் குறைந்த எந்த வேகத்தில் அதை ஓட்டிப் பார்த்தார் என்று எழுதியவரிடம் கேளுங்கள்.